நான் எழுதியது

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நாள்களைப் பற்றி இரண்டு பக்கம். ஊருணிப் படிக்கட்டு, படிப்பு நேரத்தில் போய்விடும் கரண்ட், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தரம் தொடங்கியும் மூன்று தரமும் தமிழ் ஐயாவிடமே போய் நின்றுவிட்டேன். சரி, அவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

ஐயா தை மாதக் கடைசியில் காலமானார். செய்தி வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் சிங்கப்பூரில் சங்க விருந்து நடந்தது. அங்கே ஒருவர் அந்தப் பழைய கதையை எடுத்தார். “தண்ணி போட்டுட்டு வந்து கரும்பலகையில சாஞ்சு நிப்பாரே, அந்த ஐயா!” மேசை முழுக்கச் சிரித்தது. நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா நெற்றி நிறைய விபூதி பூசியவர். ஆனால் நம் பள்ளிக் கோயில் தாழ்வாரத்தில் இருந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு சிலுவைப்பாதைப் பலகைகளிலும் எழுத்து அவருடையதுதான். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்காலிட்டு “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி, எங்கள் பேரில் தயவாயிரும்” என்று சொல்லி எழுந்தோமே, அப்போதெல்லாம் கண்ணுக்கு நேரே இருந்தது அவர் கையெழுத்து. கறுப்புப் பலகை, வெள்ளைச் சாயம். ‘இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்’ என்ற வரியில் ‘ழ’ மட்டும் காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். அந்த ‘ழ’வை எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஏழாம் வகுப்பில் இரட்டைக் கோடு நோட்டு வாங்கித் தந்து, பள்ளி விட்ட பிறகு அரைமணி நேரம் வைத்துக்கொள்வார். ஒரு வருடத்தில் என் கையெழுத்து அவருடையதைப் போலவே ஆகிவிட்டது. விடுதி அறிவிப்புப் பலகை அதற்கப்புறம் என் பொறுப்பானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அவர் வீடு பள்ளிக்கு மூன்று தெரு தள்ளி. மலேசியாவில் இருந்த ஒரு செட்டியாரின் வீடு. முகப்பு, வளவு எல்லாம் பூட்டிக் கிடக்கும். பின்கட்டில் இரண்டு அறையில் ஐயாவும் அம்மாவும் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன். ஒருநாள் காலையில் போனபோது அம்மா அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அதை ஸ்பிரிட்டில் துடைத்து ஐயாவின் தொடையில் குத்தினார். நான் விழித்ததைப் பார்த்து, “சர்க்கரை வியாதி தம்பி. தினமும் போடணும். சாப்பாடு தள்ளிப் போச்சுன்னா தலை சுத்தும், நாக்கு குழறும், வேர்த்துக் கொட்டும். சட்டைப் பையில சீனி வச்சிருப்பார், வாயில போட்டா சரியாயிடும். பள்ளிக்கூடத்துல சொல்லிடாதே, வேலைக்கு உலை வச்சிடுவாங்க” என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த அந்தத் தரையில் நின்று நான் தலையாட்டினேன். ஐயாவிடம் வந்த ‘வாசம்’ ஸ்பிரிட் வாசம்தான். வகுப்பிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்.

ஒன்பதாம் வகுப்பில், 1979 தொடக்கத்தில், ஒரு கட்டுரையை நோட்ஸ் புத்தகத்திலிருந்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஐயா என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பாதி வாசித்ததும் நிறுத்தினார். மீதியைப் புத்தகம் இல்லாமல் அவரே ஒப்பித்தார், ஒரு சொல் மாறவில்லை. வகுப்பு சிரித்தது. “கையை நான் குடுத்தேன்டா, தலையை நீதான் குடுக்கணும்” என்றார். அடிக்கவில்லை. இன்று நினைத்தால் அது ஒரு நல்ல ஆசிரியர் சொல்கிற சொல்தான். பதினான்கு வயதில் எனக்கு அது சவுக்கடியாக இருந்தது. இரண்டு வாரம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், பின் பெஞ்சு அண்ணன்மார் ஒரு புகார் மனு தயார் செய்தார்கள். ஐயா குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார், நடை தள்ளாடுகிறது, வாய் குழறுகிறது, வாடை அடிக்கிறது. “உன் கையெழுத்துதான் அழகு, நீ எழுது” என்றார்கள். எழுதினேன். யாரும் மிரட்டவில்லை. படிப்பு நேரத்தில், அரிக்கன் விளக்கின் கீழ், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் உள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைமையாசிரியராக இருந்த குருவானவர், சாமி என்று கூப்பிடுவோமே அவர், ஐயாவையும் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். மனுவை ஐயாவிடம் கொடுத்தார். படிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லூக்கா நற்செய்தியில் மட்டும் ஒரு வரி உண்டு: ‘அவரைத் தெரியாது’ என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவை, சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பார்த்தார் என்று. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையின் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வரும்.

சாமி கேட்டார்: “நீ பார்த்தியா? இது உண்மையா?”

“எல்லாரும் சொல்றாங்க, சாமி” என்றேன்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. வியாதியைச் சொல்லியிருக்கலாம், சட்டைப் பையிலிருந்த சீனிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். அவரைக் கிறிஸ்துவோடு வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐயா முன்கோபக்காரர், பிரம்பும் எடுப்பார். பேசாமல் நிற்கிறவர் முன்னால் பேச வேண்டியவன் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரல் 13. யோவான் எழுதிய திருப்பாடுகளை வாசித்தார்கள். கூட்டத்தின் பகுதி மக்களுக்கு, நம்மைப் போன்ற பையன்களுக்கு. “அவனைச் சிலுவையில் அறையும்” என்று எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னோம். ஆனால் அதற்கு முன்பே வந்த ஒரு வரியில் என் மனம் நின்றுவிட்டிருந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ரோம ஆளுநன் பிலாத்து கேட்கிறான், நீ யூதரின் அரசனா என்று. இயேசு திருப்பிக் கேட்கிறார்: நீராக இதைச் சொல்கிறீரா, அல்லது மற்றவர்கள் என்னைப்பற்றி உம்மிடம் சொன்னார்களா? அது பிலாத்துவிடம் கேட்ட கேள்வியாக என் காதில் விழவில்லை. அப்புறம் அந்தப் பலகை. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழியில் அவன் குற்ற அறிக்கை எழுதிச் சிலுவையில் வைக்கிறான். மாற்றச் சொல்லித் தலைமைக் குருக்கள் கேட்டபோது “நான் எழுதியது எழுதியதே” என்கிறான். கோயிலை விட்டு வெளியே வந்தால் தாழ்வாரம் முழுக்க ஐயாவின் எழுத்து.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ‘பொய் சொன்னேன், மூன்று தரம்’ என்று மற்ற பாவங்களோடு சேர்த்துச் சொன்னேன். ஐந்து பரலோக மந்திரம் அபராதம். சொல்லி முடித்துவிட்டு விளையாடப் போனேன்.

ஞானோபதேச வகுப்பில் படித்தோமே: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது. மனஸ்தாபத்திலும் இரண்டு வகை சொன்னார்கள். நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று. நேசிக்கப்பட வேண்டியவரை நோகடித்தோமே என்று வருந்துவது மற்றொன்று, அதுதான் உத்தம மனஸ்தாபம். வெகு காலம் என்னிடம் இருந்தது பயம்தான், மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்.

என்னை அதிகம் வதைத்தது சிலுவையிலிருந்து வந்த முதல் மன்றாட்டு. “தந்தையே, இவர்களை மன்னியும். ஏனெனில் தாங்கள் செய்வது என்னவென்று இவர்களுக்குத் தெரியவில்லை.” ஆணி அடித்த படைவீரருக்குத் தெரியாது. கத்திய கூட்டத்துக்குத் தெரியாது. நாற்பத்தொரு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி ஊசியை நான் பார்த்திருந்தேன். 1566-இல் திருச்சபை வெளியிட்ட மறைக்கல்வி நூல் இதைத்தான் சொல்கிறது என்று பிற்பாடு அறிந்தேன். அன்று சிலுவையில் அறைந்தவர்கள் அவரை அறிந்திருந்தால் அறைந்திருக்க மாட்டார்கள்; நாமோ அவரை அறிந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பாவம் செய்கிறோம், அதனால் நம் குற்றம் பெரிது என்று. பெரிய வெள்ளிக்கு யாரையோ குற்றம் சொல்லி அழுவது எனக்கு அதோடு நின்றது.

1988-இல் சிங்கப்பூர் வந்தேன். ஊரை விட்டால் இதுவும் விட்டுவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஓஃபிர் சாலை லூர்து அன்னை கோயிலில் தமிழ்ப் பூசை கேட்ட முதல் தவக்காலத்திலேயே அது போய்விட்டது. அங்கே ஒரு வயதான குருவானவரிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டார். “அவர் இருக்கிறாரா?” என்றார். இருக்கிறார் என்றேன். “யூதாசும் வருந்தினான், வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், ‘பாவம் செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம் சொன்னான் பார், காசு கொடுத்த தலைமைக் குருக்களிடம். அவர்கள், ‘எங்களுக்கு என்ன, நீயே பார்த்துக்கொள்’ என்றார்கள். நீ அவரிடமே போய்ச் சொல்லு, தம்பி” என்றார். பாவமன்னிப்புக் கொடுத்தார்.

1996-இல் போனேன். விடுப்பில் வந்து, ஓரியூருக்குப் போய், அங்கே வேதசாட்சியாக இறந்த அருளானந்தர் கோயிலில் அந்தச் செம்மண்ணில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1693-இல் அவர் தலை விழுந்ததும் ஒரு புகாரில் தொடங்கியதுதான். அங்கிருந்து நேரே ஐயா வீட்டுக்குப் போனேன். பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். டியூஷனும் பலகையும்தான் பிழைப்பு என்று தெருமுனையில் சொன்னார்கள். கண் மங்கியிருந்தது. பலகையை முகத்துக்கு அருகே பிடித்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு, “யாரு?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க ஐயா. வேற வீடு தேடி வந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி வந்துவிட்டேன். முதல் முறையாவது பதினான்கு வயது. இப்போது முப்பத்தொரு வயது, கையில் ஒரு டப்பா பிஸ்கட், அதையும் கொடுக்காமல் வந்தேன். ஐயா என் குரலை அடையாளம் கண்டாரா என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். கண்டிருக்கலாம். அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

பேதுருவுக்கு இன்னொரு காலை கிடைத்தது. மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரி நெருப்பில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்திருந்ததும் கரி நெருப்பில். மூன்று முறை ‘என்மீது அன்பு செலுத்துகிறாயா’ என்று கேட்டார், மூன்று முறை பதில் சொல்ல இடம் கொடுத்தார். எனக்கும் அந்தத் திண்ணையில் அப்படி ஒரு காலை கிடைத்தது. நான்தான் விட்டுவிட்டேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. ஆண்டவர் மன்னித்தார் என்று நம்புகிறேன், முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் நான் எழுதிய தாள் இன்னும் உங்கள் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அதை அழிப்பது என் வேலை.

ஆகவே இங்கே, நம் மலரில், அந்த மனுவில் கையெழுத்திட்ட எல்லாருக்கும் எழுதுகிறேன். ஐயா குடித்துவிட்டு வகுப்புக்கு வந்ததே இல்லை. அவருக்கு இருந்தது சர்க்கரை வியாதி. எனக்கு அது தெரியும். தெரிந்தே எழுதினேன். உங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய மனு அது. இந்தக் கதையை உங்கள் வீட்டில், பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் கையால்தான் எழுதினேன். முப்பது வருடமாகத் தமிழில் கையொப்பம் தவிர வேறொன்றும் எழுதாத கை. என் பிள்ளைகளுக்கு இதை வாசிக்கத் தெரியாது, மனைவிதான் படித்துச் சொன்னாள். ‘ழ’ இன்னும் அப்படியே காலை மடக்கி உட்காருகிறது.

அம்மா இருக்கிறார்கள். எண்பது தாண்டிவிட்டது, மகளோடு அதே வீட்டில். குருத்து ஞாயிறு கழித்துப் புறப்படுகிறேன். பெரிய வெள்ளிக்கு முன்னால் அவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்வேன். கேட்டு என்ன சொல்வார்களோ, சொல்லட்டும். கையெழுத்திட்டவர்களில் யாராவது உடன் வர விரும்பினால் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்று: முன்வாசல் பூட்டித்தான் இருக்கும். பின்தெரு வழியாகப் போய், திண்ணைப் பக்கம் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.