‘வரவில்லை’ வருகிறது, ‘டிட் நாட் கம்’ வரமாட்டேன் என்கிறது

ஆங்கிலத்தில் தப்பு விட்டால் உடனே “தமிழ் மீடியம்ல, அப்படித்தான்” என்று பழியைத் தமிழ்மேல் போடுவது வழக்கம். எரிச்சலான விஷயம். பாதித் தப்புகளுக்கு மருந்தே தமிழ்தான்.

ஹோம்ஸ்டே வாட்ஸ்அப்பில் “டிரைவர் டிட் நாட் கேம்” என்று வருகிறது. தமிழில் ‘வந்தவில்லை’ என்று யாராவது சொல்வார்களா? ‘வர’வில்லை. அந்த ‘வர’வில் காலம் கிடையாது. டிட் ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்னால் வரும் வினை மொட்டையாகத்தான் வரவேண்டும்: டிட் நாட் கம். கேள்வியிலும் அப்படியே: டிட் யூ கோ, ‘வென்ட்’ அல்ல.

“சின்ஸ் டூ இயர்ஸ்” இன்னொன்று. ‘இரண்டு வருஷமாக’ என்றால் நீளம், அதற்கு ஃபார். ‘1908 முதல்’ என்றால் தொடங்கிய புள்ளி, அதற்கு சின்ஸ். ‘ஆக’வும் ‘முதல்’உம் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. ஆனால் இதே இடத்தில் தமிழ் காலை வாரியும் விடும். மலை ரயில் 1908 முதல் ஊட்டி வரை ‘ஓடுகிறது’ என்கிறோம், நிகழ்காலம். அதை அப்படியே ‘ரன்ஸ் சின்ஸ் 1908’ என்று எழுதினால் தப்பு. ‘ஹாஸ் பீன் ரன்னிங்’ வேண்டும்.

‘எ’, ‘ஆன்’ சிக்கலுக்கு ஒரு, ஓர் போதும். ஓர் ஊர், ஒரு யானை. காதில் விழும் ஒலிதான் கணக்கு, எழுத்து அல்ல. ‘ஹவர்’ அகரத்தில் தொடங்குவதுபோல் ஒலிப்பதால் ஆன் ஹவர். மலை ரயில் 2005இல் பெற்ற உலகப் பாரம்பரியப் பட்டத்தை எழுதும்போது எ யுனெஸ்கோ சைட், ஏனென்றால் ‘யு’ நமக்கும் உயிர்மெய்தான்.

‘தி’க்குத் தமிழில் ஆதாரம் கிடையாது, மனப்பாடம்தான். மலைத்தொடருக்கு உண்டு: தி நீல்கிரிஸ், தி பழனி ஹில்ஸ். தனிச் சிகரத்துக்கு இல்லை: வெறும் தொட்டபெட்டா. ஊட்டி லேக்குக்கும் வேண்டாம்.

‘டிஸ்கஸ் அபவுட்’டில் அபவுட் தண்டம். ‘அதை விவாதித்தோம்’ என்பதில் ‘பற்றி’ இருக்கிறதா என்ன?

தமிழ்மேல் எந்த வகையிலும் பழி போட முடியாதது ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் தொங்கும் “ஹோம் மேட் சாக்லேட்’ஸ்” போன்ற போர்டுகள்தான். அந்த அபாஸ்ட்ரஃபி, அதாவது மேலே தொங்கும் வால், பன்மைக்கு வராது. ‘உடைய’ என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள்: ‘வீட்டுச் சாக்லேட்டுடைய’. சாக்லேட்டுடைய என்ன? விலையா, உறையா? ‘இட்’ஸ்’ ஒரு விலக்கு. அதை ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரிக்க முடிந்தால்தான் அந்த வால், ‘அதனுடைய’ என்ற பொருளுக்கு வால் கூடாது. போர்டை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பும் முன் எல்லா வாலையும் வெட்டிவிட்டு, இந்தச் சோதனையில் தேறியதை மட்டும் திரும்ப ஒட்டுங்கள். சாக்லேட் போர்டில் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.