ஆடி மாதத்தில் ஃபாரன்ஹீட் 451

தஞ்சாவூர், ஆடி 4

ரே பிராட்பரியின் இந்த நாவல் 1953-ல் வந்தது. பேச்செடுத்தால் எல்லாரும் நெருப்பைத்தான் சொல்வார்கள். தீயை அணைக்க வேண்டியவர்கள் புத்தகம் இருக்கிற வீட்டைத் தேடிப் போய்க் கொளுத்துவதுதானே கதை! ஆனால் தீயணைப்புத் தலைவர் பீட்டி, தன் கீழ் வேலை பார்க்கும் கதாநாயகன் மாண்டாக்கின் படுக்கையருகே உட்கார்ந்து பேசும் பேச்சில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. இது அரசாங்கம் போட்ட ஆணையில் தொடங்கவில்லை என்கிறார் அவர். பெரிய நூல்களைக் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சிக்கு வெட்டினார்கள். பிறகு இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கும் பத்தியாக்கினார்கள். கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரி. படிக்கிறவர்கள் போனபின் எரிப்பதற்குப் பெரிய எதிர்ப்பு ஏது? மாண்டாக்கின் மனைவி மில்ட்ரெட்டுக்கு மூன்று சுவர்த் தொலைக்காட்சி போதவில்லை, நாலாவது வேண்டும். விலை, கணவனின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஆடி 7

தணிக்கையைக் கண்டித்த நாவலுக்கே தணிக்கை நடந்தது. 1967-ல் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டார்கள். வசைச் சொற்களை எடுத்து, சில சம்பவங்களையும் மாற்றினார்கள். ஆசிரியரிடம் கேட்கவில்லை. 1973 முதல் கடைகளுக்கும் அந்தப் பதிப்பு மட்டுமே போனது. மாணவர்கள் எழுதிக் கேட்டபிறகுதான் பிராட்பரிக்கே தெரிந்தது. வெட்டாத மூல வடிவம் திரும்பி வர 1979 ஆயிற்று. பழைய பிரதி கையில் இருந்து, இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டிருந்தால் மட்டுமே பிடிபட்டிருக்கும் திருட்டு இது.

ஆடி 11

நம் ஊர்ப்பக்கம் சுவடி எப்படி அழிந்தது என்பதை இந்த நாவலோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஓலையைக் காப்பாற்றும் வழி தெரியாமல் இல்லை. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிக்குப் பக்கத்தில் வைப்பார்கள், பூச்சி அண்டாது. வாசனை போனதும் முடிச்சை மாற்ற வேண்டும். விறைத்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் வளைந்து கொடுக்கும். எழுத்து மங்கினால் கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மட்டும் கருப்பு தங்கும்.

இத்தனையும் செய்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுதான். அதற்குள் புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் வருகிறது. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. குறில் எ, ஒ-வுக்கும் நெடில் ஏ, ஓ-வுக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘பெரன’ என்று கீறியிருந்தால் அது ‘பொன்’ என்பதா, ‘போன’ என்பதா என்று பாட்டின் பொருளும் யாப்பும் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். தெரியாதவர் படியெடுத்தால் ஒவ்வொரு படியிலும் பிழை ஏறும். படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் ஓலைக்கட்டு வெறும் பாரம்.

ஆடி 18

ஆற்றங்கரையெங்கும் காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி. இந்த நாளில் பழைய ஏடுகளையும் ஆற்றில் விடுகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. அதை வயிறெரிந்து எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பீட்டியின் ஆட்களுக்குப் புத்தகத்தின்மேல் பகை. இவர்களுக்குப் பக்தி. பக்தியோடு போட்டாலும் ஓலை எரியத்தான் செய்கிறது. 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்கு வந்த உ.வே.சா., பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுச் சீவகசிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது 1887-ல். எத்தனை நூல்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்?

ஆடி 21

நாவலின் முடிவில் ஊருக்கு வெளியே நூல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் கூட்டம். ஒருமுறை படித்ததை நினைவில் மீட்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்கிறார் அவர்களில் ஒருவரான கிரேஞ்சர். அது என்ன வழி என்று பிராட்பரி சொல்லாமலே விட்டுவிட்டார். அதே மாண்டாக் முன்பு ரயிலில் விளம்பரக் கூச்சலுக்கு நடுவே விவிலிய வரிகளை நெட்டுருப் போடப் பார்த்து, ஒன்றும் தங்காமல் தவித்தவன்.

ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பான திவ்யப் பிரபந்தத்தை ஓதுகிறவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். தனியாக, வாய்விடாமல், கண்ணால் மட்டும் படித்தால் நிற்காது. ‘சந்தை’ சொல்ல வேண்டும்: ஆசிரியர் ஓர் அடியை ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். ஒரே மாதிரி அடிகள் வரும்போது நாக்கு வேறு பாசுரத்துக்குத் தாவிவிடும். அதற்குக் காவல், திருவாய்மொழி போன்றவற்றில் வரும் அந்தாதி. ஒரு பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குவதால், நடுவில் ஒன்று விட்டுப்போனால் உடனே தட்டும்.

தொலைந்துபோயிருந்த பிரபந்தத்தை மீட்ட காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள், முதலில் குடந்தை ஆராவமுதன்மேல் பத்துப் பாசுரம் பாடக் கேட்டார் என்பது வைணவ மரபு. அதன் முடிவில் ‘ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்று வந்ததால்தான் மீதி எங்கே என்று தேடிப் போனார். தொலைந்ததன் அளவை நூலே உள்ளுக்குள் சொல்லி வைத்திருந்தது.

மாண்டாக்குக்குக் கொஞ்சம் நினைவிருக்கும் விவிலியப் பகுதி ஏற்கெனவே ஹாரிஸ் என்பவரிடம் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் இனி நீதான் என்கிறார் கிரேஞ்சர். ஒரு நூலுக்கு இரண்டே ஆள் போதாது. கோஷ்டியாக நின்று ஓதும்போது ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் குரல் அவரை இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்துக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.