எலுமிச்சைப் பூச்சிகளும் வெளிச்சமும்

எலுமிச்சைக்கு விளக்குப்பொறி வைக்கலாமா என்று தோட்டம் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். விற்பவர் சொல்வதைக் கேட்டால், இரவில் ஒரு சோலார் விளக்கை எரியவிட்டால் போதும், தோட்டத்துப் பூச்சியெல்லாம் தானாக வந்து விழுந்துவிடும் என்று தோன்றும். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் நிலக்கடலையில் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கும் அந்தப் பொறி உண்மையிலேயே உதவுகிறது. எலுமிச்சையில் அதற்கு அநேகமாக வேலை இல்லை என்பதே என் கருத்து. எலுமிச்சையின் முக்கியப் பூச்சிகளில் சில பகலில் இணைசேர்பவை, சில விடியற்காலையில் இணைசேர்பவை, சில நிழலைத் தேடி முட்டையிடுபவை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கு எப்படி மருந்தாகும்?

முதலில் சில்லிட் பூச்சியை எடுத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும், பழுப்புப் புள்ளிகள் கொண்ட இறக்கையை உடைய இந்தச் சாறு உறிஞ்சி, தலையைத் தாழ்த்தி வாலை ஏறக்குறைய 45 பாகைக்குத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும் விதத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். சாத்துக்குடி, கமலா தோட்டங்களை அழிக்கும் பசுமையாதல் நோயின் பாக்டீரியாவைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது இதுதான். இது முழுக்க முழுக்கப் பகல் பூச்சி. பகல் வெளிச்சத்தில், அதுவும் இளந்துளிர் இருக்கும் கிளையில்தான் இணைசேர்கிறது. சீனாவில் நடந்த ஆய்வுகளில், வெளிச்சத்தின் செறிவும் பகலின் நீளமும் கூடியபோது பெண் பூச்சி சீக்கிரமே முட்டையிடத் தொடங்கியது, முட்டைகளும் அதிகரித்தன. தோட்டத்தின் நடுவிலுள்ள மரங்களைவிட வரப்போரத்து மரங்களில் இது கூடுதலாகத் தென்படுவதற்கு, ஓரத்தில் விழும் தடையில்லாத வெயிலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வெயில் எவ்வளவு இருந்தாலும் துளிர் இல்லையென்றால் சில்லிட் முட்டையிடாது. இலை விரியாமல் மடிந்து நிற்கும் கொழுந்தின் இடுக்கை ஒரு சாதாரணக் கைலென்ஸில் பார்த்தால், பாதாம் பருப்பின் வடிவத்தில் மஞ்சள் நிற முட்டைகள் நெருக்கமாகக் குத்தி நிறுத்தியிருப்பது தெரியும். அதே கிளையில் இரண்டு இலை கீழே, முற்றிய பகுதியில், ஒன்றுகூட இருக்காது. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 800 முட்டைகள் வரை இடக்கூடியது என்பதால், ஒரு துளிர்ப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறை தோட்டம் முழுக்கப் பரவிவிடும். கிணற்றடியில் நிற்கும் கறிவேப்பிலையையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அதுவும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, சில்லிட்டுக்கு மிகப் பிடித்தமானது. பறிக்கப் பறிக்கத் துளிர்த்துக்கொண்டே இருப்பதால் எலுமிச்சையில் கொழுந்து இல்லாத மாதங்களில் பூச்சி அங்கே தங்கி வளர்ந்துகொள்ளும்.

இலைத்துளைப்பானுக்கும் துளிர்தான் வேண்டும், ஆனால் அது வெளிச்சம் மங்கிய நேரத்துப் பூச்சி. வெள்ளி நிறத்தில், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுள்ள இந்த அந்துப்பூச்சி விடியற்காலையில் இணைசேர்ந்து, அந்தியிலும் இரவிலும் இளம் இலையில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. புழு பொரித்ததும் நேராக இலைத்தோலுக்குள் புகுந்துவிடுவதால் வெளிச்சமோ மருந்தோ அதை எளிதில் எட்டுவதில்லை. இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் நெளியும் வெள்ளிக்கோடும், அதன் நடுவே ஓடும் கரிய எச்சக்கோடும் இதன் வேலை. இரவுப்பூச்சிதானே, விளக்குக்கு வராதா என்று கேட்கலாம். இதைக் கண்காணிக்கப் பல நாடுகளிலும் நம்பிப் பயன்படுத்துவது விளக்கை அல்ல, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைத்தான்.

இனி நிழலுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கருப்பு ஈ, செதில் பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை நெருக்கமாக நட்ட, கவாத்து செய்யாத, உள்ளே வெயில் புகாத மரங்களில்தான் பெருகுகின்றன. கருப்பு ஈ இலையின் அடிப்பக்கத்தில் சுருள் கோடாக முட்டை வைக்கும். அதன் குஞ்சுகள் கழிக்கும் இனிப்புத் திரவத்தின்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலைக்குக் கிடைக்க வேண்டிய கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், உள்கிளைகளையும் போத்துகளையும் வெட்டி மரத்தின் நடுவே வெயில் விழச் செய்வதுதான். அது சரியான வைத்தியமே. ஆனால் வெட்டிய இடத்திலெல்லாம் சில வாரங்களில் புதுத் துளிர் அடிக்கும். நிழல் பூச்சியை விரட்டிய அதே வெயிலும் கத்தரியும் சில்லிட்டையும் இலைத்துளைப்பானையும் வரவேற்கும். கவாத்து செய்யச் சொல்பவர்கள் இந்த மறுபாதியைச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் குறை.

பகலின் நீளம் நம் ஊரில் பெரிய வேறுபாட்டைச் செய்வதில்லை. தென் தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். டோக்கியோவில் அது ஐந்து மணி நேரத்தை நெருங்கும். அங்கே எலுமிச்சை இனச் செடிகளைத் தின்று வளரும் பபிலியோ சூதஸ் என்னும் வண்ணத்துப்பூச்சி, இலையுதிர் காலத்தில் பகல் குறுகுவதைப் புழுப் பருவத்திலேயே உணர்ந்து, கூட்டுப்புழுவாகி உறங்கிக் குளிர்காலத்தைக் கடத்துகிறது. இந்த இனத்தின் பின்புறத்தில், இனப்பெருக்க உறுப்பின் அருகிலேயே, ஒளியை உணரும் செல்கள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் கென்டாரோ அரிகாவாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1980-இல் வெளியிட்டார்கள். ஆண் பூச்சி சரியாக இணைசேர்வதற்கும், பெண் பூச்சி முட்டையிடும் உறுப்பைப் போதிய அளவு நீட்டி முட்டையை இலையில் ஒட்டவைப்பதற்கும் இந்தச் செல்கள் தேவைப்படுகின்றன என்று பிந்தைய சோதனைகள் காட்டின. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. நம் தோட்டத்தில் வருவது இதன் உறவினமான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. அதற்கு நீண்ட குளிர்கால உறக்கத்துக்குக் காரணமில்லை, துளிர் கிடைத்தால் எந்த மாதத்திலும் முட்டையிடும். பறவை எச்சம்போல் தோன்றும் அதன் இளம்புழுக்களை நாற்றுகளில் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியில்தான் செயற்கை விளக்குக்கு உண்மையான பயன் இருக்கிறது, அதுவும் கவர்வதற்கல்ல, தடுப்பதற்கு. ஜப்பானில் 1960-களிலிருந்தே பழத்தோட்டங்களில் மஞ்சள் குழல்விளக்குகளை இரவு முழுக்க எரியவிடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் பூச்சியின் கண் பகல் நிலைக்கு மாறிவிடுவதால், அது பகல் என்றே எண்ணி அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது, பழத்தையும் குத்துவதில்லை. சாதாரண விளக்குப்பொறிக்கு இவை அவ்வளவாக வருவதில்லை. இரவில் கைவிளக்கோடு மரங்களுக்கிடையே நடந்தால் பழத்தில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் கண் கங்குபோல் மின்னுவதைப் பார்த்துப் பிடிக்கலாம். இதன் புழு எலுமிச்சையில் வளர்வதே இல்லை. வேலியில் படரும் சீந்தில், கட்டுக்கொடி போன்றவற்றில்தான் வளர்கிறது. எனவே இதன் பெருக்கத்தைக் குறைக்க வேலியைத்தான் பார்க்க வேண்டும். சீந்திலை மருந்துக்காக வளர்ப்பவர்கள் தோட்டத்துக்கு வெகுதூரத்தில் வளர்ப்பது நல்லது.

வெளிச்சத்தைக் கொண்டே சில்லிட்டைக் குழப்பும் முறையும் ஒன்று உண்டு. புளோரிடாவில் இளங்கன்றுகளின் அடியில் வெள்ளிபோல் மின்னும் உலோகப்பூச்சுத் தாளை மூடாக்காக விரித்துப் பார்த்தார்கள். வானத்திலிருந்து வரவேண்டிய புறஊதாக் கதிர் தரையிலிருந்து மேலே அடிப்பதால் பறந்து வரும் சில்லிட்டுக்குத் திசை குழம்புகிறது; செடியில் இறங்குவது குறைகிறது. மரம் வளர்ந்து நிழல் தரையை மூடிய பிறகு தாளில் வெயில் விழாது, ஆகவே இது முதல் சில ஆண்டுகளுக்கான முறைதான். நம் ஊர் விலையில் ஏக்கர் கணக்கில் இதை விரிக்க யாராலும் முடியாது. நாற்றங்காலுக்கும் புதிதாக நட்ட ஒன்றிரண்டு வரிசைக்கும் செய்து பார்க்கலாம்.

எங்கள் தோட்டத்தில் இப்போது செய்வது இதுதான். உள்கிளைக் கவாத்தை எல்லா மரங்களுக்கும் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறோம். அதனால் துளிரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து ஒன்றாக முற்றுகிறது. அந்தக் குறுகிய காலத்தில் மட்டும் ஓரத்து மரங்களின் தெற்கு, மேற்குப் பக்கக் கொழுந்துகளை லென்ஸில் பார்த்து, முட்டை கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கிறோம். கறிவேப்பிலையையும் அதே வாரத்தில் ஒட்ட வெட்டிவிடுகிறோம். வீட்டில் அதற்குத்தான் எதிர்ப்பு.