கிணத்துத் தண்ணியும் மழைத்தண்ணியும்: கிளிநொச்சி மீன்தொட்டிக் குறிப்பு

ஒக்டோபர் 9

கேத்திலைச் சுரண்டினால் வெள்ளைப் படை செதில் செதிலாக உதிர்கிறது. அதே கிணத்துத் தண்ணிதான் என் 60 லீற்றர் தொட்டியிலும். வவுனியாவில் வாங்கிவந்த ஆறு செர்ரி பார்ப்பும் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. களனி, நில்வளாப் பக்கத்து நிழலோடை மீன் அது. அந்த மழைக்காட்டுத் தண்ணி மென்மையானது, இப்படிப் படை விடும் சுண்ணாம்பு அதில் குறைவு.

தொட்டித் தண்ணியில் சோதனைத் திரவத்தை நிறம் மாறும்வரை விட்டு, துளி எண்ணிப் பார்த்தேன். நீலம் மஞ்சளாக 14 துளி. இது கேஎச், அமிலத்தைத் தாங்கும் இருகாபனேற்றின் அளவு. செம்மஞ்சள் பச்சையாக 18 துளி; இது ஜிஎச், கல்சியமும் மக்னீசியமும். துளிக்குக் கடினத்தன்மை ஒரு பாகை, பாகைக்கு லீற்றரில் 17.9 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக் கணக்கு.

ஒக்டோபர் 16

தண்ணியை அமிலமாக்க வாதுமை இலை போட்டு ஒரு கிழமை. தண்ணி தேத்தண்ணி நிறமாயிற்று, பிஎச் (அமில அளவு; அமிலம் கூடினால் இது இறங்கும்) 7.8இலேயே நிற்கிறது. இலை விடும் அமிலத்தை இருகாபனேற்று விழுங்கிவிடுகிறது. கேஎச்சைக் குறைக்காமல் பிஎச்சோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஒக்டோபர் 23

மாரி தொடங்கிவிட்டது. முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிப் போகட்டும் என்று விட்டு, இன்றுதான் பீலிக்குக் கீழே பரலை வைத்தேன். கேஎச் பார்த்தால் முதல் துளியிலேயே மஞ்சள். அவ்வளவு வெறுமையான தண்ணி. சோர்ந்த இரண்டு மீனை 15 லீற்றர் சின்னத் தொட்டியில், முழு மழைத்தண்ணியில் விட்டேன்.

நவம்பர் 11

பிழை செய்துவிட்டேன். காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றது மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கியது. பிஎச் 5.5.

மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பக்ரீரியாக்கள் அமிலத்தையும் விடுகின்றன. கிணத்துத் தண்ணியில் அதைத் தாங்க இருகாபனேற்று இருக்கும். இந்த வெறும் தண்ணியில் தாங்க ஒன்றும் இல்லை. பிஎச் இவ்வளவு இறங்கினால் பக்ரீரியாக்களும் சோர்ந்துபோகும், கழிவு தேங்கும்.

பிஎச்சை ஏற்ற உடனே அப்பச்சோடா போடத்தான் கை போயிற்று. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அமிலத் தண்ணியில் கழிவு பெரும்பாலும் அமோனியமாக இருக்கும். அது அவ்வளவு நஞ்சில்லை. பிஎச் திடீரென ஏறினால் அதே கழிவு அமோனியாவாக மாறி மீனைக் கொல்லும். ஆகவே முதலில் பாதித் தண்ணியை மழைத்தண்ணியாலேயே மாற்றிக் கழிவைக் குறைத்தேன். பிறகுதான் கிணத்துத் தண்ணி, சில மணித்தியாலத்துக்கு ஒரு தம்ளர்.

நவம்பர் 14

தப்பிய மீன் இரை எடுத்தது. மூன்று நாளாக நித்திரையில்லை, இன்றைக்குத்தான் நிம்மதி.

நவம்பர் 19

பெரிய தொட்டிக்கு ஒரு பங்கு கிணத்துத் தண்ணி, இரண்டு பங்கு மழைத்தண்ணி என்று முடிவு செய்தேன். கலந்து வைத்ததில் கேஎச் 5 துளி, ஜிஎச் 6. கிழமைக்குப் பத்து லீற்றர்தான் மாற்றுவேன்; மீனின் உடம்பு உப்பு மாற்றத்துக்குப் பழக நாள் வேணும். பக்கத்து வீட்டுத் தம்பி தன் கப்பிக்கும் இந்தக் கலவை கேட்டான். "வேண்டாமடா, கப்பிக்குக் கிணத்துத் தண்ணிதான் தோது" என்றேன்.

டிசம்பர் 8

பெரிய தொட்டியில் ஆண் மீன் இரண்டு சிவந்துவிட்டன. சோளகம் வீசும் மாதங்களில் தொட்டி வற்றும். ஆவியாவது தண்ணி மட்டும்தான், கல்சியம் உள்ளேயே தங்கும். அந்தக் குறையை மழைத்தண்ணியாலேயே நிரப்பவேணும். ஒரு பரல் காணாது. நுளம்பு புகாமல் துணி கட்டி வைப்பதென்றால் மற்றப் பரலையும் எடு என்று அம்மா சொல்லிவிட்டா.