விரலுக்கு வழி சொல்லுங்கள்: பார்வையற்ற பிள்ளைக்கு ஓம் வடிவம்

“மூணு மாதிரி இருக்கும், பக்கத்துல ஒரு வால், மேல பிறை, அதுக்கு மேல பொட்டு.”

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஓம் வடிவத்தை இப்படிச் சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைக்கு இதில் ஒரு சொல்லும் உதவாது. அச்சில் இருக்கும் 3 அவன் கைக்கு வந்ததே இல்லை. ஆறு புள்ளிக் கட்டங்களை விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயிலில் 3 என்பது எண் குறி, அதையடுத்து 1, 4 புள்ளிகள், அவ்வளவுதான். பிறையை யாரும் தொட்டதில்லை. வால் என்றால் வீட்டுப் பூனையின் வால்தான் நினைவுக்கு வரும். பிள்ளை தலையாட்டுவான், நாமும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் சமய வகுப்பு எடுப்பவர்களுக்காகவும், வீட்டில் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்காகவும் இந்தப் பதிவு. இதற்கு வேண்டிய பொருளெல்லாம் வன்பொருள் கடையிலும் தையல் பொருள் விற்கும் கடையிலும் சில வெள்ளிக்குள் கிடைத்துவிடும்.

முதலில் எந்த ஓம் என்று தெளிவாக இருங்கள். நம் கோயில்களில் இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. ஒன்று தமிழ் எழுத்து ஓம். ஓ-வின் வயிற்றுக்குள்ளோ பக்கத்திலோ ம் உட்கார்ந்திருக்கும், முருகன் கோயில் என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு வேலும் நிற்கும். இன்னொன்று தேவநாகரி வடிவம். கார் கண்ணாடியில் ஒட்டுவதும், கழுத்துப் பதக்கத்தில் இருப்பதும், ‘மூணு மாதிரி’ என்று சொல்லப்படுவதும் அதுதான். இரண்டையும் ஒரே நாளில் தொடக் கொடுத்தால் பிள்ளை குழம்பிப்போவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

தமிழ் ஓம் எழுத்து என்பதால் அதை எழுத்தாகவே தொடங்கலாம். தமிழ் பிரெயிலில் ஓ-வுக்கு 1, 3, 5 புள்ளிகள். ம-வுக்கு 1, 3, 4. மெய்யெழுத்தின் புள்ளிக்கு நான்காம் புள்ளி மட்டும் உள்ள ஒரு கட்டம் உண்டு. அச்சில் புள்ளி எழுத்தின் தலைமேல் இருக்கும், பிரெயிலிலோ அது ம-வுக்கு முன்னால் வரும். ஆகவே ஓம் என்பது மூன்று கட்டங்கள்: 1-3-5, பிறகு 4, பிறகு 1-3-4. மலாய் பிரெயில் மட்டும் தெரிந்த பிள்ளைக்கும் இது எட்டாத தூரத்தில் இல்லை. ரோமன் எழுத்தின் ‘ஓ’வும் ‘எம்’மும் இதே 1-3-5, 1-3-4 தான். நடுவில் ஒரு புள்ளி கூடுகிறது, அவ்வளவே. இதைச் சொன்னதும் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்கலாம், ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டான் அல்லவா. பிறகு அச்சு வடிவத்தைத் தொடக் கொடுக்கும்போது ஓ-வின் அடியில் இருக்கும் சுழியில் விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். குறில் ஒ-வையும் நெடில் ஓ-வையும் பிரிப்பது அந்தச் சுழிதான். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. அதற்கு முன் இரண்டுக்கும் வரிவடிவம் ஒன்றே, குறிலுக்கு மேலே புள்ளி வைப்பார்கள்.

தேவநாகரி வடிவத்துக்குத்தான் உழைப்பு அதிகம். அதன் உருவத்தை உவமையால் சொல்ல முயலாதீர்கள். விரல் போகும் வழியாகச் சொல்லுங்கள்: எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே விரலைத் தூக்க வேண்டும்.

அந்த வழி இது. கடிகாரத்தின் எண்கள் இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் வேலை பாதியாகிவிடும். சிறிய வட்டம் ஒன்றை எண்ணிக்கொண்டு, பத்து மணி இருக்கும் இடத்தில் விரலை வைத்து, பன்னிரண்டு, மூன்று வழியாக ஆறைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்து நிற்க வேண்டும். இது மேல்வளைவு. இடப்பக்கம் வாய் திறந்திருக்கும். விரலைத் தூக்காமல் அங்கிருந்தே இரண்டாவது வளைவு. இது சற்றுப் பெரியது, மறுபடி வலப்பக்கமாகக் கிளம்பி, மூன்று, ஆறு வழியாக வந்து எட்டு மணி இடத்தில் முடியும். இதற்கும் வாய் இடப்பக்கம்தான். இப்போது விரலைத் தூக்கலாம். இரண்டு வளைவும் சேரும் இடத்துக்கு வெளிப்புறத்தில், வலப்பக்கம், ஒரு இடுக்கு இருக்கும். அதற்குள் விரல் நுனி பொருந்த வேண்டும். அங்கிருந்து ஒரு கோடு வலப்பக்கமாகக் கிளம்பி, மேடு ஏறி, இறங்கி, நுனியில் உள்பக்கமாகச் சுருண்டு முடியும். மறுபடி விரலைத் தூக்குங்கள். வலப்பக்க மேட்டுக்கு மேலே, எதையும் தொடாமல், மேல் நோக்கி வாய் திறந்த ஒரு வளைவு. அதற்கு மேல், அதையும் தொடாமல், ஒரு புள்ளி.

இந்தக் கடைசி இரண்டுக்கும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பொருத்தமான ஒன்று கைவசம் இருக்கிறது. பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் பிடிக்கக் கட்டும் மங்கு. அதைக் கையில் கொடுத்து, வாயை மேலே வைத்துப் பிடிக்கச் சொல்லி, அடிப்பக்கத்தை வெளியிலிருந்து ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை விரலால் தடவச் சொல்லுங்கள். அந்த வளைவுதான் பிறை. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை மங்குக்கு மேலே, உங்கள் விரல் நுனியில் தொங்கும்படி பிடித்து, அது விழுவதற்கு முன் அவன் விரலை அதில் பட வையுங்கள். மங்கில் விழாமல் மேலே நிற்கிற சொட்டு. புள்ளி ஏன் பிறையோடு ஒட்டக்கூடாது என்று பிறகு விளக்கவே வேண்டியிருக்காது. மங்கு இப்போது எல்லா வீட்டிலும் இல்லை, செம்பனை வந்த பிறகு குறைந்துபோனது. தேங்காய்ச் சிரட்டை போதும்.

இனி அட்டை செய்யும் விதம். கெட்டியான ஏ4 அட்டை, 3 மில்லிமீட்டர் பருமனுள்ள பருத்திக் கயிறு, வெள்ளைப் பசை. மேல்வளைவு குறுக்கே 6 சென்டிமீட்டர், கீழ்வளைவு 8 சென்டிமீட்டர், பிறை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சென்டிமீட்டர் இருந்தால் ஏ4 அட்டையில் அளவாக அமரும். கயிற்றை மேல்வளைவுக்கு 14, கீழ்வளைவுக்கு 20, வாலுக்கு 15 சென்டிமீட்டர் என்று வெட்டிக்கொள்ளுங்கள். புள்ளிக்கு ஒரு உளுந்தோ சட்டைப் பொத்தானோ ஒட்டலாம். தொடக்க இடத்தில் ஒரு சின்ன மணியை ஒட்டுங்கள், பிள்ளை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். அட்டையின் வலது மேல் மூலையைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். எது மேல், எது கீழ் என்று அதைத் தொட்டே தெரிந்துகொள்வான்.

கோடுகளுக்கு நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் விரல் இரண்டையும் ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும். வாலும் கீழ்வளைவும் நெருங்கும் இடத்தில்தான் இந்தப் பிழை அதிகம் வருகிறது. கழுத்துப் பதக்கத்தைக் கொடுத்து “தொட்டுப் பாரு” என்பது பயன்படாததற்கும் இதுவே காரணம். இரண்டு சென்டிமீட்டர் பதக்கம் முழுவதும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும். கைக்குக் கிடைப்பது ஒரு மேடு மட்டும்.

கயிறு இல்லாமல் பசையை மட்டும் கோடாக இழுத்துக் காய வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் கலந்த பசை காயக் காயத் தாழ்ந்துபோகும். இரவு உயரமாக இருந்த கோடு காலையில் விரலுக்குச் சரியாகத் தட்டுப்படாது. முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு தேவை. நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு இரவு முழுவதும் காய விடாமல் அடுத்ததைப் போடாதீர்கள். ரவையையோ அரிசி மாவையோ தூவுவது கோயில் கோலம் போல அழகாக இருக்கும், ஆனால் இரண்டே நாளில் எறும்பு வரும், மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும். மெல்லிய மணல் நல்லது.

அவசரத்துக்கு இன்னொரு முறை. பழைய கணினிச் சுட்டி வைக்கும் ரப்பர் விரிப்பின் மேல் கெட்டிக் கடுதாசியை வைத்து, தையல்காரர் துணியில் அடையாளம் போட உருட்டும் பல்சக்கரத்தால் கோடு இழுங்கள். கடுதாசியைத் திருப்பினால் மேடான புள்ளிக்கோடு கிடைக்கும். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. பின்பக்கம் அழுத்தி முன்பக்கம் தொடுவதால் இடம் வலமாகிவிடும். இரண்டு வளைவுகளின் வாயும் வலப்பக்கம் திறந்து, வால் இடப்பக்கம் போய், ஓம் கண்ணாடியில் தெரிவது போல வரும். வரைந்தவர் வரைந்த பக்கத்தையே பார்ப்பதால் கவனிக்கமாட்டார். பிள்ளை மட்டும் தலைகீழ்ப் பாடத்தைப் படித்துக்கொண்டு போவான். ஸ்வஸ்திகத்தில் இது இன்னும் மோசம். கைகள் வலப்பக்கம் மடிய வேண்டியது இடப்பக்கம் மடிந்துவிடும். ஆகவே முதலில் பென்சிலால் வரைந்து, சன்னல் கண்ணாடியில் கடுதாசியைத் திருப்பி வைத்து, வெளிச்சத்தில் தெரிகிற கோட்டின் மேல் பின்பக்கமாக இன்னொரு முறை வரையுங்கள். அந்தத் திரும்பிய கோட்டின் மேல்தான் சக்கரம் உருள வேண்டும்.

கோயில் இரும்புக் கேட்டில் கம்பியை வளைத்துச் செய்த ஓம் இருந்தால், அதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. பெரியது, உறுதியானது, இரண்டு கையாலும் தடவலாம். வெளிப்பக்கம் நின்று தொட வையுங்கள், உள்ளே நின்று தொட்டால் அதுவும் திரும்பித்தான் இருக்கும். காலை பதினொரு மணிக்கு மேல் வேண்டாம், கம்பி கொதிக்கும். துரு செதில் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

தொட வைக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். கண் தெரிந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி “இங்க பாரு” என்பது போன்றது அது. உங்கள் கையை அவன் கைக்குக் கீழே வைத்து, “தம்பி, என் கை மேல உன் கையை வை, நான் போற வழியில வா” என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவனே கையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு உள்ளங்கையாலும் அரை நிமிடம் முழு அட்டையையும் தடவட்டும், பரப்பு தெரியும். பிறகுதான் ஒற்றை விரல்.

அடுத்த வகுப்பில் அவனே செய்யட்டும். இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும், பிள்ளை அருவருத்து விட்டுவிடுவான். முறுக்குப் பிழிவதற்கு முன் உருட்டுவது போல நீளமாக உருட்டி, தட்டில் வளைக்கட்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் இந்த மாவு நம் ஊரில் வியர்க்கும், நாள் கணக்கில் வைக்க முடியாது.

பொருள் எப்போது சொல்வது? வடிவம் கைக்கு வந்த பிறகு. மாண்டூக்ய உபநிடதத்தின் 12 மந்திரங்களும் அ, உ, ம் என்ற ஒலிகளையும், விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்ற நிலைகளையும், அவற்றைக் கடந்த நான்காவதையும் பேசுகின்றன. கீழ்வளைவு விழிப்பு, வால் கனவு, மேல்வளைவு உறக்கம், பிறை மாயை, புள்ளி துரியம் எனப்படும் அந்த நான்காவது நிலை என்று வரிவடிவத்தோடு சேர்த்துச் சொல்வது பரவலான விளக்கம், உபநிடதம் கோடுகளைப் பற்றிப் பேசவில்லை. பெரிய பிள்ளையிடம் இந்த வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒலியே போதும். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு விரலை மூக்கின் பக்கத்திலும் வைத்து ஓம் சொல்லச் சொன்னால், அ-வில் வாய் திறப்பதும், உ-வில் உதடு குவிவதும், ம்-மில் மூக்கு அதிர்வதும் அவனுக்கே தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். “தங்க நிறத்தில் ஜொலிக்கும்” என்று நீட்டி முழக்க வேண்டாம், ஆனால் சொல்லாமலும் விடாதீர்கள். கோபுரத்து ஓம் இரவில் விளக்கு எரிந்து சாலையிலிருந்தே தெரியும் என்பதையும், அது அவன் தலைக்கு மேல் எத்தனை ஆள் உயரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் பேசும்போது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பார்வையற்றவர் என்று பதிவானவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும். கேட்டுப் பாருங்கள். இருந்தால் மஞ்சள் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கறுப்புக் கோடாகவும் ஒன்று செய்துகொடுங்கள்.

கற்றுக்கொண்டானா என்று பார்க்க “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், “புரிஞ்சுது டீச்சர்” என்றுதான் பதில் வரும். மூன்று அட்டைகளைக் கலந்து வையுங்கள். ஒன்று சரியானது, ஒன்றில் புள்ளி பிறையோடு ஒட்டியிருக்கட்டும், ஒன்று சக்கரம் உருட்டியபோது திரும்பிப்போனது. அந்தத் தவறான அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், இதற்கு உதவும். “டீச்சர், இதுல வாய் அந்தப் பக்கம் இருக்கு” என்று அவன் எடுத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த வடிவமான வேலுக்குப் போகலாம்.