நேர்முகத் தேர்வுக்கு நான் பதில் தேடிய விதம்

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து முடித்த கையோடு, மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்ததும் இணையத்தில் தேடினேன். கேள்விகளும் மாதிரிப் பதில்களும் பக்கம் பக்கமாகக் கிடைத்தன. எனக்கு உண்மையில் உதவியது எங்கள் பக்கத்து வளவு அக்காதான். வங்கியில் நெடுங்காலம் இருந்தவர், ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர். "பதிலைப் பாடமாக்காத புள்ள. நீ செய்த வேலையெல்லாத்தையும் முதல்ல எழுது. மறுகா கேள்வியைப் பாப்பம்" என்றார்.

எழுதினேன். உயர்தரம் படிக்கும் காலத்திலிருந்து அப்பாவின் வயல் கணக்கு என் கையில்தான்: உழவுக்கூலி, விதைநெல், உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம். கோயில் அன்னதானக் கணக்கில் பற்றுச்சீட்டுகள் குறைந்தபோது கடை கடையாகப் போய்ச் சரிபார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன என்று நாலாகப் பிரிக்கச் சொன்னார். ஸ்டார் முறை என்று சொல்வது இதைத்தான். மூன்றாவதில்தான் அக்கா கண்டிப்பு. "நாங்க போய்க் கேட்டோம்" என்று தொடங்கினாலே நிறுத்திவிடுவார். "நாங்க எண்டா ஆரு? நீ என்ன செய்த?" ஊரில் எல்லா வேலையையும் சேர்ந்தே செய்து பழகிய நமக்கு 'நான்' என்று சொல்வது பெருமை பேசுவதுபோல் கூச்சமாக இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு என் பங்கு எது என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தக் கூச்சம் போகத்தான்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்குப் பிறந்த ஊர், பள்ளிக்கூடம், சகோதரர் எத்தனை பேர் என்று போக வேண்டாம். அதெல்லாம் சிவியில் இருக்கிறது. வயல் கணக்கில் தொடங்கி, படிப்பைச் சொல்லி, கடன் வேலை ஏன் பிடிக்கும் என்பதில் முடித்தேன். போனில் நேரம் வைத்துப் பார்த்து இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். பலவீனம் கேட்டால் 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை. சிங்களம் பேசுவேன், வாசிக்கத்தான் நேரமெடுக்கும், வார இறுதியில் வகுப்புக்குப் போகிறேன் என்றேன். அது அப்படியே உண்மை.

மூன்று பேர் இருந்தார்கள். தமிழில் தொடங்கி, இடையில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து தினமும் எப்படி வருவீர்கள் என்று கேட்டார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, களப்பைக் கடக்கப் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகு) காத்திருக்கும் காலம் போய்விட்டது, ஸ்கூட்டி ஓட்ட லைசென்ஸும் இருக்கிறது என்றேன்.

அடுத்து, தவணை கட்டாதவரை என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. பெரும்போகத்துக்கு ஐப்பசியில் கடன் வாங்குகிற குடும்பத்துக்கு மாசி, பங்குனியில் நெல் வெட்டினால்தான் காசு. அவர்களிடம் மாதா மாதம் தவணை கேட்டால் நகையை அடகு வைத்துக் கட்டுவார்கள், அல்லது இன்னொரு இடத்தில் கடன் எடுப்பார்கள். அதனால் அந்த வீட்டுக்குக் காசு எப்போது வருகிறது என்று முதலில் பார்ப்பேன். வசதியிருந்தும் கட்டாதவர் என்றால் பதிவு செய்து முகாமையாளரிடம் கொண்டுபோவேன். இப்படிச் சொன்னதும், "வெள்ளம் வந்தால்?" என்றார் ஒருவர். 2011 தை வெள்ளத்தில் எங்கள் பயிர் முழுக்க அழுகியது. தவணை நாளுக்கு முன்பே அப்பா கடன் எடுத்த இடத்துக்குப் போய் அவகாசம் கேட்டார். அவரைப் போல முன்கூட்டியே வந்து சொல்பவருக்கு வழி செய்து கொடுத்தால் கடன் திரும்பி வரும் என்றேன். இது எந்தப் பட்டியலிலும் இல்லாத கேள்வி. அப்பாவின் கணக்குக் கொப்பி மனதில் இருந்ததால் யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

கலியாணம் முடித்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்றும் கேட்டார்கள். ஆண்களிடம் கேட்காத இந்தக் கேள்வியைப் பெண்களிடமும் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் கேட்கிறார்கள், எனவே பதில் வைத்திருந்தேன்: "களத்துக்குப் போவதும் மாதக் கணக்கை முடிப்பதும்தான் இந்த வேலை. இரண்டையும் தடையில்லாமல் செய்வேன்." அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சம்பளம் பேசுவதற்கு முன் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8% கழியும், நிறுவனம் 12% போடும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் போடுவது 3%. ஆகவே ஒரு வரம்பைச் சொல்லிவிட்டு, அது கழிவுக்கு முன்னா பின்னா என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்த வரம்பு, அதே வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்து வைத்தது.

கடைசியில் ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்கள். பயிற்சிக் காலத்தில் எந்தப் பகுதியைத் தருவீர்கள் என்று கேட்டேன். எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். படுவான்கரை (களப்பின் மேற்குப் பக்கத்து வயல் ஊர்கள்) என்றேன், விவசாயிகளின் வரவு செலவு எனக்குத் தெரியும் என்ற காரணத்தோடு. அப்புறம் வந்த நியமனக் கடிதத்தில் படுவான்கரையிலேயே வெல்லாவெளிப் பக்கம் போட்டிருந்தார்கள்.