ஸ்டெம் செல் பிராக்டிகல்: செல் இல்லாத குழியை விட்டுவிடாதீர்கள்

ரிசல்ட் வந்தாயிற்று. தியரி காப்பாற்றியது, பிராக்டிகல் காலை வாரியது. எம்.எஸ்சி. பயோடெக்கில் இயற்கைச் சத்துகளை மீசன்கைமல் ஸ்டெம் செல்லில் (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு செல்களாக மாறக்கூடியது) சோதிக்கப் போகிறவர்களுக்காக இது. டிரிப்சின் விட்டுச் செல்லைப் பெயர்ப்பது, கவுண்டிங் எல்லாம் கைக்கு வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மார்க் போகிற இடம் ஒன்றுதான். வைட்டமின் சி, குவெர்செடின் போன்றவை தாங்களே எம்.டி.டி.யை (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம்) ஊதா ஃபார்மசானாக மாற்றிவிடும். பிளேட்டின் குழியில் ஒரு செல்கூடத் தேவையில்லை. டோஸ் ஏற ஏற ஊதா ஏறும். செல் பெருகியது என்று கிராஃப் போட்டுக்கொண்டு போய் நிற்போம். வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் கேட்பது, "செல் இல்லாத கன்ட்ரோல் எங்கே?"

ஒவ்வொரு டோஸுக்கும் மீடியமும் (செல் வளரும் ஊட்டத் திரவம்) சத்தும் மட்டும் உள்ள 3 குழிகள் வையுங்கள்; அந்த ரீடிங்கைக் கழியுங்கள். எம்.டி.டி. விடும் முன் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். (செல்லுக்கு ஒத்துப்போகும் உப்புக் கரைசல்) விட்டு மெதுவாக ஒருமுறை அலசுங்கள். பிறகு புது மீடியத்தில் 0.5 மி.கி./மி.லி. எம்.டி.டி., 3 முதல் 4 மணி நேரம், ஊதாவைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 100 மைக்ரோலிட்டர், 570 நானோமீட்டரில் ரீடிங். தனியாக ஒரு பிளேட்டில் டிரிபான் ப்ளூ (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்) போட்டு எண்ணியும் வையுங்கள். எம்.டி.டி. காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல.

குர்குமினில் (மஞ்சளில் உள்ள சத்து) கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். 3.68 மி.கி.யை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை டி.எம்.எஸ்.ஓ.விலேயே படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் 1 மி.லி. மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். எல்லா டோஸிலும் டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதமாகவே நிற்கும். ஸ்டாக்கை நேராக மீடியத்தில் கூட்டிக் குறைத்து ஊற்றினால், செத்தது குர்குமினாலா டி.எம்.எஸ்.ஓ.வாலா என்று சொல்லவே முடியாது. சீரம் இல்லாத மீடியம் குர்குமினுக்கு ஆகாது, 37 டிகிரியில் அரை மணியில் பெரும்பகுதி சிதைந்துவிடும். குறைந்த டோஸ் பெருக்கும், கூடினால் கொல்லும். ஆகவே ஒரே டோஸ் வைத்து முடிவு எழுதாதீர்கள்.

வைட்டமின் சி மீடியத்தில் சில மணி நேரத்தில் ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். பல நாள் சோதனைக்கு அதன் நிலையான வடிவமான அஸ்கார்பேட்-2-பாஸ்பேட்தான்.

வைவாவுக்கு:
- "வளர்ச்சி" என்றால் பெருக்கமா, வேறுபாடடைதலா (வேறு வகைச் செல்லாக மாறுவது)? இதைப் பிரித்துச் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் பொதுவாக வேறுபாடடைதலின் பக்கம்.
- மீசன்கைமல் ஸ்டெம் செல்லின் 2006 வரையறை: செல்லின் மேற்பரப்பு அடையாளப் புரதங்களில் சி.டி.73, 90, 105 மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும், சி.டி.45, 34 போன்றவை 2 சதவீதச் செல்களுக்கு மேல் இருக்கக் கூடாது.
- வைட்டமின் சி ஏன்? கொலாஜனை உறுதியாக்கும் ஹைட்ராக்சிலேஸ், டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகளை நீக்க உதவும் டெட் (TET) நொதிகள் இரண்டும் வேலை செய்ய அது தேவையான துணைக்காரணி.

96 குழி பிளேட்டில் ஓர வரிசைகளில் செல் போடாதீர்கள், பி.பி.எஸ். நிரப்புங்கள். அங்கே மீடியம் ஆவியாகி டோஸ் தானாகக் கூடிவிடும்.